கோடையில் பழைய கார் கண்காட்சிகள்: குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வார இறுதி என்றாலே பழைய கார்தான். "நாங்களும் வரலாமா, அங்கே என்ன பார்ப்பது, பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?" என்று நண்பர்களும் உறவினர்களும் மாறி மாறிக் கேட்கிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வேலை மிச்சம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் நிற்கும் அத்தனை காரையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கால் வலியோடு திரும்புவது எங்களுக்கு ஒத்துவராது. நாலைந்து கார்களின் முன்னால் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, அதை ஓட்டுகிறவரிடம் பேசிவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள். கீழே உள்ள பதில்களும் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

கண்காட்சி என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானே?

இல்லை. போகும் முன் அது எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது. பாதி ஏமாற்றம் அதில்தான் வருகிறது.

மேல்தட்டில் இருப்பது கான்கோர்ஸ். புல்வெளியில் வரிசையாக நிறுத்தி, நடுவர்கள் வந்து மதிப்பெண் போடும் போட்டி. இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் நடக்கும் வில்லா டெஸ்தே 1929இல் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் 1950இலிருந்து நடக்கிறது. அங்கே ஆகஸ்டில் கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டாவது குழிப் பக்கம் கார்கள் நிற்கும். கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் கூட்டமும் கெடுபிடியும் அதிகம், டிக்கெட்டும் கைக்கடக்கமாக இருக்காது.

அடுத்தது ஓடும் நிகழ்ச்சிகள். இங்கிலாந்தில் குட்வுட் எஸ்டேட்டில் 1993 முதல் நடக்கும் ஃபெஸ்டிவல் ஆஃப் ஸ்பீடில், மேட்டுப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக ஏற்றி விரட்டுவார்கள். அதே இடத்தில் 1998இல் தொடங்கிய ரிவைவல், 1948 முதல் 1966 வரை அங்கே பந்தயம் நடந்த காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரும் முயற்சி. இத்தாலியின் மில்லே மிலியா 1927 முதல் 1957 வரை பொதுச் சாலையில் நடந்த நிஜப் பந்தயம். 1957இல் நடந்த கோர விபத்துக்குப் பிறகு அது நின்றது. 1977இல் திரும்பி வந்தபோது வேகத்தைப் பார்க்காமல், குறித்த நேரத்தைத் தவறாமல் கடப்பதைப் பார்க்கும் போட்டியாக மாறியிருந்தது. பிரெஸ்சியாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் வழியில் ஊர் ஊராகச் சனங்கள் தெருவோரம் நின்று கையசைப்பார்கள். அதைப் பார்க்க டிக்கெட்டே வேண்டாம்.

மூன்றாவது, கிளப்காரர்கள் கூடும் நாள். ஒரு கம்பெனியின் கார், அல்லது ஒரே மாடல் மட்டும் வந்து குவியும். நான்காவது, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காபிக் கோப்பையோடு ஏதாவது வாகன நிறுத்துமிடத்தில் கூடிக் கலையும் கூட்டம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இந்தக் கடைசி இரண்டைத்தான். கயிறு கட்டியிருக்காது, பேச ஆள் இருப்பார்கள், பிள்ளை அழுதால் உடனே வீட்டுக்குத் திரும்பலாம்.

வெட்டரன், விண்டேஜ், கிளாசிக்: எது எது?

பழைய கார் எல்லாமே விண்டேஜ் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். அங்கே யாரிடமாவது அப்படிச் சொல்லிப் பாருங்கள், பாடம் நடத்திவிடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் 1904 முடிய உள்ளவை வெட்டரன், 1905 முதல் 1918 வரை எட்வர்டியன், 1919 முதல் 1930 வரை விண்டேஜ். கிளாசிக் என்பதற்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே எல்லை கிடையாது. அமெரிக்காவின் கிளாசிக் கார் கிளப் 1915 முதல் 1948 வரையிலான குறிப்பிட்ட உயர்தரக் கார்களை மட்டுமே 'முழு கிளாசிக்' என்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 வயது, அசல் நிலை கெடாமை, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாமை என்று வரையறுக்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் கல்லூரி நாட்களில் ஷோரூமில் புதிதாக நின்ற கார் இப்போது இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கலாம். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் எல்லாம் கோடையிலேயே நடக்கின்றன?

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். பழைய இரும்புக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அதனால் குளிர் முழுக்க கார்கள் கொட்டகைக்குள்ளேயே கிடக்கும். உரிமையாளர்கள் அந்த மாதங்களில் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். மேற்கூரை இல்லாத வண்டிகள் ஏராளம், வைப்பர் பேருக்குத்தான் இருக்கும், ஹீட்டர் கிடையாது. பிறகு எப்போது வெளியே எடுப்பது?

விதிவிலக்கு ஒன்று உண்டு. லண்டனிலிருந்து பிரைட்டன் வரை வெட்டரன் கார்கள் ஓடும் ஓட்டம் நவம்பரில் நடக்கிறது. 1896 நவம்பரில் பிரிட்டனில் மோட்டார் வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட அன்றைக்கு ஓட்டிப் போனதன் நினைவு அது. தேதியை மாற்ற மனசு வரவில்லை போலிருக்கிறது. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

கார்கள் உள்ளே வரும் நேரத்தில். பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நேரம் என்று போட்டிருப்பதற்கு முன்பே வாசல் பக்கம் போய் நின்றுவிடுங்கள். நிற்கும் கார் பொம்மை மாதிரிதான். ஓடிவரும்போதுதான் அதன் குணம் தெரியும்: கியர் முனகும் சத்தம், முழுதும் எரியாத பெட்ரோல் வாசனை, ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கோடு போராடும் அழகு. மத்தியானம் கூட்டம், வெயில், கண்கூசும் பானட் தவிர ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுபடி எழுந்திருக்க வேண்டியது கிளம்பும் நேரத்தில். ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்வார்கள், சில கிளம்பாது, பக்கத்து வண்டிக்காரர் ஓடிவந்து தள்ளுவார். அன்றைய நிகழ்ச்சியிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

"இது 1936 மாடல், ஆறு சிலிண்டர்" என்று வாசித்துக்கொண்டே போனால் பெரியவர்களுக்கே சலிக்கும். நாங்கள் கையில் ஒரு தேடல் பட்டியல் கொடுத்துவிடுவோம்.

பெட்ரோல் மூடி எங்கே? இது நல்ல ஆட்டம். 1950களின் கேடிலாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் கிடைக்காது. பின்பக்கம் இடது சிவப்பு விளக்கையே தூக்கினால் அடியில் இருக்கும். 1957 செவர்லேயில் வால் இறக்கையின் குரோம் பட்டைக்குள் ஒளிந்திருக்கும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? முட்டை வடிவ இஸெட்டாவுக்கு முன்பக்கமே கதவு. திறக்கும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து வெளியே வரும். 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் கதவுகள் மேல்நோக்கிப் பறவை இறக்கைபோல விரியும். அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் எலும்புக்கூடு மெல்லிய குழாய்களால் பின்னியது. உறுதிக்காகப் பக்கவாட்டுக் குழாய்களை உயரமாக வைக்க வேண்டியிருந்ததால் சாதாரணக் கதவுக்கு இடமில்லாமல் போயிற்று. உரிமையாளர் அந்த உயரமான விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும் லாவகத்தை நின்று பாருங்கள். கால் நுழைய ஸ்டியரிங் சக்கரமே மடங்கிக் கொடுக்கும்.

இண்டிகேட்டர் எது? 1950கள் வரை வந்த பல ஐரோப்பியக் கார்களில் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை 'டக்' என்று வெளியே நீளும். மோரிஸ் மைனர், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இரண்டிலும் தேடலாம். உரிமையாளர் ஒருமுறை போட்டுக் காட்டினால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

இன்ஜின் எங்கே? பீட்டிலில் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில். தண்ணீரும் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது, காற்றே குளிர்விக்கும். 1959இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினியில் முன்னால்தான், ஆனால் குறுக்கே படுத்திருக்கும். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், அதே ஆயிலிலேயே வைத்துவிட்டார். மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது அப்படித்தான். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை குறுக்கே படுத்த இன்ஜினோடு வருவது அந்த வழியில்தான்.

சிட்ரோயன் டிஎஸ் ஏதாவது வந்திருந்தால் அது கிளம்பும் வரை காத்திருங்கள். 1955இல் அறிமுகமான கார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயுவும் எண்ணெயும் தாங்கும் சஸ்பென்ஷன். நிறுத்தி வைத்தால் மெல்லத் தரையோடு படுத்துவிடும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கமும் முன்பக்கமுமாக எழுந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அது உயிருள்ள மிருகம்.

காரைத் தொடலாமா?

கேட்காமல் கூடாது. பெல்ட் பக்கிள், தோள்பை, கையில் ஐஸ்கிரீமோடு இருக்கும் குழந்தை மூன்றுமே பெயின்டுக்கு எமன். கேட்டால் பெரும்பாலும் உட்காரவே விடுவார்கள்.

உரிமையாளரிடம் என்ன பேசுவது?

"என்ன விலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு நூறு பேர் அதையே கேட்டிருப்பார்கள். "எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?" என்பதும் அதே ரகம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "காலையில் இதை எப்படி ஸ்டார்ட் செய்தீர்கள்?" அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

ஃபோர்டு மாடல் டி வைத்திருக்கும் ஒருவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான கார் என்பதால் கண்காட்சியில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே மீசை மாதிரி இரண்டு நெம்புகோல்கள். இடது, தீப்பொறி எப்போது பாய வேண்டும் என்பதற்கு, வலது, பெட்ரோலுக்கு. இடதை முழுக்க மேலே தள்ளித் தீப்பொறியைத் தாமதப்படுத்துவார். வலதைக் கொஞ்சம் கீழே இழுப்பார். பிறகு இறங்கி முன்னால் வந்து, ரேடியேட்டர் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வளையத்தை ஒரு கையால் இழுத்துப் பிடிப்பார், அதுதான் சோக். மறு கையில் ஹேண்டில். கட்டைவிரலைக் கவனியுங்கள்: ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களின் பக்கமே ஒட்டி வைத்திருப்பார். கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. தீப்பொறி முந்திப் பாய்ந்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் கை முறிந்தாலும் முறியும். 1912 கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் ஏன் அவ்வளவு பெரிய விஷயமானது என்பது அந்த ஒரு இழுப்பைப் பார்த்தால் புரிந்துவிடும்.

உள்ளே குனிந்து பெடலையும் பார்த்துவிடுங்கள். மூன்று இருக்கும், நாம் நினைக்கும் மூன்று இல்லை. இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், விட்டால் டாப் கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலதுதான் பிரேக். ஆக்ஸிலரேட்டர் பெடல் என்று ஒன்றே கிடையாது, அந்த வலது நெம்புகோல்தான். பெரும்பாலான மாடல் டி-களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கடியில் இருக்கும், பம்ப் இல்லை, தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்ஜினுக்கு எட்டாது. அதற்கு அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்த வழி, வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேறுவது.

வெயிலில் இந்தக் கார்கள் பொசுக்கென்று நின்றுவிடுகின்றனவே, ஏன்?

வரிசையில் மெல்ல ஊர்ந்து உள்ளே வரும்போது ஓரமாக ஒன்றிரண்டு பானட் திறந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். ரேடியேட்டர் கொதிப்பது ஒரு காரணம். ஓடும்போது வரும் காற்றை நம்பி வடிவமைத்தவை. மாடல் டி-யின் பெரும்பாலான வண்டிகளில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்கூட இல்லை, சூடான தண்ணீர் மேலே போக குளிர்ந்தது கீழே வரும் என்பதுதான் ஏற்பாடு.

இன்னொன்று பெட்ரோலே குழாய்க்குள் ஆவியாவது. பழைய பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கும், அது திரவத்தைத்தான் இழுக்கும், ஆவியை இழுக்காது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இதை இன்னும் மோசமாக்குகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். பம்ப்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு உரிமையாளர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தால் விஷயம் இதுதான். ஆறினால் கிளம்பிவிடும்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: புகையும் ரேடியேட்டர் பக்கம் போகக்கூடாது. மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

புதுசு மாதிரி மின்னும் கார் நல்லதா, மங்கிப்போன கார் நல்லதா?

எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே நடக்கும். பல வருடங்கள் கான்கோர்ஸ் உலகில் மினுமினுப்புக்குத்தான் மரியாதை. கடைசித் திருகு வரை பிரித்து, ஃபேக்டரியிலிருந்து வந்தபோதுகூட இல்லாத பளபளப்பில் திரும்பக் கட்டுவார்கள். மெல்ல அந்தக் காற்று மாறியது. பெயின்ட் வெடித்து, தோல் சீட் சுருங்கிக் கிடந்தாலும், ஒருமுறை போனால் அசல் திரும்பி வராது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். 2024இல் பெபிள் பீச்சின் மிக உயர்ந்த பரிசு, புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்த 1934 புகாட்டி டைப் 59க்குப் போனது. இப்படிப் புதுப்பிக்காத கார்களின் பிரிவிலிருந்து ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுதான் முதல்முறை.

என் ஓட்டு மங்கிய காருக்கு. கியர் குமிழ் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பெடல் ரப்பரில் எந்த மூலை வழுக்கையாகியிருக்கிறது என்று பார்த்தாலே ஓட்டியவரின் கைகால் தெரியும். மறுபக்கம் சொல்ல வேண்டியதும் உண்டு: காரின் அடிச்சட்டமான சேஸிஸைத் துரு தின்றுகொண்டிருக்க, அதை 'அசல்' என்று விட்டுவைப்பது காப்பாற்றுவது ஆகாது.

நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்?

இன்ஜின் ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தையல், திருகுத் தலை, ஒயரின் உறை, டயரின் வகை எல்லாம் அந்த வருடத்துக்கு உரியவையா என்று தோண்டுவார்கள். அளவுக்கு மீறி அழகுபடுத்தினாலும் பல இடங்களில் மதிப்பெண் குறையும். பெபிள் பீச்சில் கண்காட்சிக்கு முன்பு ஒரு சாலைப் பயணம் உண்டு; இரண்டு கார்கள் சமமாக வந்தால் அந்தப் பயணத்தை ஒழுங்காக முடித்த காருக்கே முன்னுரிமை. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

'மேட்சிங் நம்பர்' என்று பேசிக்கொள்கிறார்களே?

சேஸிஸோடு ஃபேக்டரியிலிருந்து சேர்ந்து வந்த அதே இன்ஜின் இன்னும் அதில் இருக்கிறது, பொறித்த எண்கள் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். விலையில் பெரிய வித்தியாசம் வரும். சும்மா பார்க்கப் போகிற நமக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

காரில் துளியும் ஆர்வமில்லாதவர் வீட்டில் இருந்தால்?

வற்புறுத்திக் கூட்டிப்போகாதீர்கள். அவராக வந்தால், இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய சொகுசுக் கார்கள் நிற்கும் பக்கம் விட்டுவிடுங்கள். அன்றைக்கு ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற கம்பெனிகள் பெரும்பாலும் சேஸிஸும் இன்ஜினும்தான் விற்றன. உடம்பைத் தனியாக ஒரு கோச் பில்டரிடம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். மர வேலை, துணி, தோல், விளக்கு என்று அத்தனையும் கைத்தொழில். பிரான்சின் ஃபிகோனி எ ஃபலாஸ்கி செய்த உடம்புகளைக் கார் என்று தெரியாமலேயே ரசிக்கலாம். பானட் முனைச் சிலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மணிநேரம் போக்கலாம்: 1911இல் சார்லஸ் சைக்ஸ் வடித்த ரோல்ஸ்-ராய்ஸ் பெண்ணுருவம், முதல் உலகப்போர் விமானி ஜார்ஜ் கினமேரின் படைப்பிரிவுச் சின்னத்திலிருந்து ஹிஸ்பானோ-சுய்சா கார் கம்பெனி எடுத்துக்கொண்ட நாரை, ரெனே லலீக் செய்த கண்ணாடிச் சிலைகள். குட்வுட் ரிவைவலில் வருகிறவர்களே 1940, 50, 60களின் உடையில் வருவார்கள். கார் பிடிக்காத எவருக்கும் அந்த வேடிக்கை பிடிக்கும்.

போட்டோ எப்படி எடுப்பது?

முட்டி போடுங்கள். நின்றபடி எடுத்தால் எல்லாக் காரும் ஒரே மாதிரி தெரியும். ஹெட்லைட் உயரத்துக்கு இறங்கினால்தான் முகம் வரும். முழுக் காரும் வேண்டுமென்றால் காலை அல்லது சாயங்காலம். நடுப்பகலில் டேஷ்போர்டு, கைப்பிடி, சின்னம் என்று சின்னச் சின்ன விஷயங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குரோமில் உங்கள் தொப்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

தண்ணீர், தொப்பி, மடக்கு நாற்காலி, நடக்கத் தோதான செருப்பு. புகையும் சத்தமும் உள்ள ஓட்ட நிகழ்ச்சி என்றால் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். சைலன்சர் இல்லாத பந்தயக் கார் விளையாட்டல்ல.

உதிரிபாகச் சந்தை என்கிறார்களே, வாங்குவதற்கு ஒன்றுமில்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. அமெரிக்காவின் ஹெர்ஷியில் 1955 முதலும் இங்கிலாந்தின் பியூலியில் 1967 முதலும் நடப்பவை பெயர்போனவை, பியூலி கோடை முடிகிற செப்டம்பரிலும் ஹெர்ஷி அக்டோபரிலும் வரும். துருப்பிடித்த கார்புரேட்டர், ஒற்றை ஹெட்லைட், ஓட்டுநர் கையேடு, காலி ஆயில் டப்பா எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட கைப்பிடிக்கு ஜோடியைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கும் ஆள் கையில் அசல் கைப்பிடியோடு அலைந்து, ஒவ்வொரு கடையிலும் வைத்துப் பொருத்திப் பார்ப்பார். எங்கள் பிள்ளைகள் பழைய விளம்பரத் தாள்களைச் சேர்ப்பது இங்கிருந்துதான். இடமும் அடைக்காது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது. காட்சிக்குக் கொண்டுவரலாமா?

கிளப் கூடும் நாளில் கொண்டுவாருங்கள், கான்கோர்ஸில் ஆரம்பிக்க வேண்டாம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், காப்பீடு அந்த நாளுக்குச் செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புல்வெளிக்காரர்கள் ஆயில் சொட்டினால் கோபப்படுவார்கள். அடியில் வைக்க ஒரு தட்டு எடுத்துவாருங்கள். தீயணைப்பான் காருக்குள்ளேயே இருக்கட்டும். பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு அட்டையில் வருடம், மாடல், யாரிடமிருந்து வந்தது, என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதி வையுங்கள். மாற்றியதை மறைக்க வேண்டாம், கூட்டத்தில் எவராவது கண்டுபிடித்தே தீருவார். பிறகு நாற்காலியைக் காருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்காராமல், முன்னால் வந்து நில்லுங்கள். ஒரு குழந்தையாவது வந்து ஹாரன் அடிக்கலாமா என்று கேட்கும்.